கூடை நிரம்பினால்தான் நாரை பறக்கும்

ஒரு காட்டில் எல்லா விலங்குகளும் கத்தித்தான் சேதி சொல்லிக்கொண்டிருந்தன. சிங்கராஜாவின் பகல் தூக்கம் கெட்டது. கத்துவதற்குத் தடை போட்டு, ஆற்றங்கரையில் ஒரு சேதி அலுவலகம் திறந்தார். ஏகாம்பரம் என்ற ஆமையை அதிகாரியாக்கினார். அவசரப்படாத ஆள் வேண்டுமாம்.

ஒருநாள் பொற்கொடி என்ற கீரி அங்கே மூச்சிரைக்க ஓடிவந்தாள். மலையில் பேய்மழை. வெள்ளம் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வருகிறாள். அவளுடைய மூன்று குட்டிகளும் அக்கரையில், ஆற்றோர வளையில் இருந்தன. 

"ஐயா, சீக்கிரம் எழுதுங்க. வெள்ளம் வருது, மேட்டுக்கு ஓடுங்க!"

ஏகாம்பரம் ஒவ்வொரு சொல்லாக முகர்ந்து பார்த்தார்.

"வெள்ளம், ஓடுங்க, ரெண்டும் பீதி கிளப்புற சொல்லும்மா. அப்படியே அனுப்பக் கூடாது. அதுக்குப் பதிலா எண்தான் போடணும்."

வெள்ளம் 4071 ஆனது. ஓடுங்க 2216 ஆனது.

"என் புள்ளைங்களுக்கு எண் எப்படிப் புரியும்?"

"அர்த்தம் சொல்ற பதிவேடு இருக்கே!"

"எங்க இருக்கு?"

"இங்கதான். பத்திரமா பூட்டி வச்சிருக்கேன்."

நான்கு சொல்லும் கூடையில் விழுந்தன. அதைத் தூக்கிப்போக வேண்டிய நாரை பக்கத்தில் நின்றது, அசையவில்லை. கூடையில் நூறு சொல் சேர்ந்தால்தான் அது பறக்கும். அதுவும் விதி.

"மிச்சம் தொண்ணூத்தாறு சொல்லுக்கு நான் எங்க போவேன்?" பொற்கொடி அழுதேவிட்டாள்.

"எண் போடத் தேவையில்லாத சொல்லா சொல்லு. மளமளன்னு நிரம்பிடும்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிங்கராஜா வாழ்க" என்று நாற்பத்தெட்டு முறை சொன்னாள். ஒன்றைக்கூட ஏகாம்பரம் முகர்ந்து பார்க்கவில்லை. கூடை நிரம்பியது. நாரை பறந்தது.

அக்கரையில் மூத்த குட்டி படித்தது. "4071 வருது, மேட்டுக்கு 2216." தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதற்குக் கீழே வாழ்த்து, வாழ்த்து, மேலும் வாழ்த்து. படிக்கப் படிக்க அதற்கு மயிர் சிலிர்த்தது.

"ராஜாவைத் திட்டாம அம்மா ஒருநாள்கூடச் சாப்பிட்டதில்ல. இப்படி வாழ்த்துறான்னா ஏதோ பெருசா வருது. மேட்டுக்குக் கிளம்புங்கடா!"

அவை மேடேறிய சற்று நேரத்தில் வளை இருந்த இடத்தில் ஆறு ஓடியது.

வெள்ளம் வடிந்ததும் ஏகாம்பரத்துக்கு விருது கிடைத்தது. பீதி கிளப்பும் ஒரு சொல்லைக்கூட அவர் வெளியே விடவில்லையாம். குட்டிகளோடு விழாவுக்கு வந்திருந்த பொற்கொடி, ஊரோடு ஒத்து, "சிங்கராஜா வாழ்க!" என்றாள். சொல்லி வாய் மூடுவதற்குள் மூன்று குட்டிகளும் மரத்தில் ஏறிவிட்டன.

நீதி: ஆபத்து வந்தால் கத்தாதே, அரசரை வாழ்த்து. உன்னை அறிந்தவர்கள் ஓடித் தப்பித்துக்கொள்வார்கள்.