கப்பல்களை எடைபோடுகிறவர்

கடலில் கால் நனைக்காமலே கப்பல்களை எடைபோடும் ஓர் இனம் நம்மிடையே வாழ்கிறது. பழைய நாகரிகங்களை வளர்த்து ஒன்றோடொன்று மோதவிடும் கணினி விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அங்கேதான் இவர்களைப் பார்க்கலாம். நாம் யோசித்து முடிக்கட்டும் என்று எதிரி காத்திருக்காத விளையாட்டு அது. நாம் தாடையைத் தடவும் நேரத்தில் அவன் பாதிக் காட்டை வெட்டியிருப்பான். இவர்களுக்கு அதைப் பற்றிக் கவலை ஏது? இவர்கள் விளையாட வருவதில்லை. ஒப்பிட வருகிறார்கள்.

வைக்கிங் கப்பல் மலிவு, ஆனால் அடி தாங்காது. வெனிஸ் கப்பல் அடித்தால் இடி, நகர்ந்தால் ஆமை. சோழர் கப்பலின் அம்பு தூரம் போகும், ஆனால் தங்கத்தைத் தின்றே தீர்க்கும். பாரசீகத்துக்குத் துறைமுகம் பலம், அதற்காக மாலுமி பலம் என்று யார் சொன்னது என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போவார்கள். "அப்ப எதுதான் நல்லது?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டீர்களா? தொலைந்தீர்கள். மறுபடியும் வைக்கிங்கிலிருந்து தொடங்கும்.

இந்த இனத்தின் தலைமகன் ஒருவர் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிறார். பட்டப்பெயர் தளபதி. நீச்சல் தெரியாது. அவருடைய அக்கா தையற்கூடத்தில் சட்டைக் காலர் தைக்கிறவள், படிப்பைப் பாதியில் விட்டவள். தம்பி பேசுவதைக் கேட்டுக் கேட்டே எந்த நாட்டுக் கப்பலுக்கு எத்தனை துடுப்பு என்பது அவளுக்கு அத்துபடி. அடுத்த மெஷின்காரி ஒருநாள், "எல்லாம் சரி, உன் தம்பி எப்பவாவது ஜெயிச்சிருக்கானா?" என்று கேட்டாள்.

"ஜெயிக்கிறத யாரு வேணா செய்வாங்கடி. தெரிஞ்சு தோக்கிறதுக்கு ஒரு மூளை வேணும்" என்றாள் அக்கா, தையல் பிசகாமல்.

அப்படிப்பட்டவளையே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கவலைப்பட வைத்துவிட்டார்கள். தளபதியின் கூட்டாளியான லிஃப்ட் மெக்கானிக் தன் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். எதிரே, இணையத்தின் அந்தப் பக்கம், மருந்துக்கடை அண்ணன் தம்பி இருவர். அவர்களிடம் தோற்றுத் தோற்று மெக்கானிக்குக்கு அலுத்துவிட்டது.

"இங்க பாரு மாப்ளே. இன்னைக்கும் தோத்தா, இனிமே எந்த நாடுன்னு நான்தான் சொல்வேன். விளையாட்டு முடியிற வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது."

"வாயைத் திறக்காம எப்படிடா விளையாடுறது?"

"கையால."

தளபதி வேறு வழியில்லாமல் தலையாட்டினார். அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அருகே வந்து நின்றாள். தம்பியிடமிருந்து பேச்சைப் பிடுங்கினால் மிச்சம் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

வரைபடம் முழுக்கத் தீவு. தொடக்கத்தில் எல்லாம் இருட்டு. ஆள் போய்ப் பார்த்த இடம்தான் கண்ணுக்குத் தெரியும். தளபதியின் ஊர் வாசலிலேயே நீலத் தண்ணீர் தெரிந்தது. வெனிஸை எடுத்திருந்தவருக்கு வேறென்ன வேண்டும்? துறைமுகங்களை வரிசையாக எழுப்பினார், உலகமே இதுவரை காணாத கப்பல்களை ஒவ்வொன்றாகச் செதுக்கத் தொடங்கினார். அதற்குள் மருந்துக்கடைச் சகோதரர்கள் ஓட்டைத் தோணிகளில் நெருப்பை ஏற்றிக்கொண்டு மெக்கானிக்கின் கரைக்கு வந்துவிட்டார்கள்.

"கப்பல் எங்கடா?"

"வருது. தரமா வருது."

"என் மீன்பிடிப் படகெல்லாம் எரியுதுடா."

"அவங்க தோணிக்கு ஆயுசு கம்மி. ஒப்பிட்டுப் பார்த்தா..."

"ஒப்பிடாத. அனுப்பு."

அனுப்பினார். அந்தப் பேரணியைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கியது. கப்பல்கள் இடப்பக்கம் போயின, கரை வந்தது. வலப்பக்கம் திரும்பின, அங்கும் கரை. ஒன்றன் வால் பிடித்து ஒன்றாகச் சுற்றிச் சுற்றி வந்தன.

"தம்பி, இந்தத் தண்ணியிலேருந்து வெளிய போற வழி எங்கடா இருக்கு?" என்றாள் அக்கா மெதுவாக.

வழி இல்லை. அது கடல் இல்லை, குளம். வெனிஸின் பெருங்கடற்படை குளத்துக்குள் வலம் வர, மெக்கானிக்கின் நாடு கரியாகிப் போனது. கொஞ்ச நேரத்தில் தளபதியின் நாடும் போனது. குளத்துப் பக்கம் மட்டும் யாரும் வரவில்லை. வரவேண்டிய அவசியம் என்ன?

அடுத்த ஞாயிறு. மெக்கானிக் யோசிக்காமல் சோழரைத் தேர்ந்தெடுத்தான். தளபதி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, காது சிவந்தது, சொன்ன சொல்லுக்காக ஒரு சத்தமும் வரவில்லை. அக்காவால் அதைச் சகிக்க முடியவில்லை.

"சோழரா எடுத்த?" என்றாள், துணியை மடித்தபடியே. "அம்பு தூரம் போகும், இல்லேங்கல. தங்கத்துக்கு எங்க போவ? வைக்கிங்னா மலிவு, ஆனா..."

"அக்கா, பேசக் கூடாதுன்னு பேச்சு" என்றான் மெக்கானிக்.

"அது அவனுக்கு. எனக்கு யார் சொன்னது?"

தளபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவும் படித்துவருகையில், 'தீவுகள் என்றால் வெனிஸ் எதற்கு, நானாக இருந்தால்...' என்று உங்கள் மனம் ஒரு நொடி முணுமுணுத்ததா, இல்லையா? முணுமுணுத்திருந்தால் வாயை இறுக மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் அக்கா இருந்தால், அவள் வாயையும் சேர்த்து.