பதின்மூன்றாவது அடுப்பு

உ
சிவமயம்

வாழவந்தி நாடு, கொல்லிமலை
விய வருஷம், வைகாசி மாதம்

மகா கனம் பொருந்திய மாமா செங்கோடன் அவர்களின் பாதங்களுக்கு, மருமகன் அர்த்தனாரி அநேக நமஸ்காரங்கள் செய்து எழுதிக்கொண்டது. இவ்விடம் யாவரும் க்ஷேமம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும். இவ்விடம் யாவரும் க்ஷேமம், என்னைத் தவிர. தங்கள் மூட்டு வலி எப்படி இருக்கிறது, அத்தைக்கு இருமல் நின்றதா, ராமாயியும் குழந்தை சின்னக்கண்ணுவும் வேளைக்குச் சாப்பிடுகிறார்களா என்று விவரமாக எழுதவும்.

மாமா, இந்தக் கடிதம் தங்கள் கைக்கு வரும்போது நான் உத்தியோகத்தில் இருப்பேனா, ஜெயிலில் இருப்பேனா என்று எனக்கே தெரியாது. தாங்கள் நாலு பேரைப் பார்த்து, நாலு தார் வாழைப்பழம் கொடுத்து வாங்கித் தந்த சப்ளை குமாஸ்தா உத்தியோகம் இது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் தங்கள் மகள் ராமாயி தாலியோடு இருக்க வேண்டும் என்று தாங்கள் நினைத்தால், என்னை உடனே கீழே இறக்கிவிடுங்கள். என் தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று ஆபீசுக்கு ஒரு தந்தி கொடுத்தால் போதும். அவர் இறந்து ஆறு வருஷமானது ஆபீசுக்குத் தெரியாது.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் மலையேறிய நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். காய்ச்சல் வந்து செத்துப்போவேன் என்று கொய்னா மாத்திரையை விழுங்கி விழுங்கிக் காதுக்குள் எப்போதும் ஒரு வண்டு சத்தம். பலாப்பழம் பழுத்தால் கரடி வரும் என்கிறார்கள். என் குடிசையைச் சுற்றி நிற்பதெல்லாம் பலாமரம். போதாததற்கு, சிரித்தே ஆளைக் கொன்றுவிடும் கொல்லிப்பாவை இந்த மலையில்தான் இருக்கிறாள், ஜாக்கிரதை என்று தாங்கள் வேறு சொல்லி அனுப்பினீர்கள். இங்கே உள்ள பெண்கள் என் குடையைப் பார்த்தும் சிரிக்கிறார்கள், என் பூட்ஸைப் பார்த்தும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு சிரிப்புக்கும் எனக்குப் பாதி உயிர் போய் வருகிறது. துணைக்கு ராமாயியைக் கூப்பிட்டதற்கு, "கீழ கெடைக்கற ரேஷன் போதும், காய்ச்சலும் வேணுமா?" என்று அவள் கேட்டது தங்களுக்கும் தெரியும். இப்படி நடுங்கிக்கொண்டு இருந்தவன் தலையில்தான் விருந்துக் கட்டுப்பாட்டு உத்தரவு வந்து விழுந்தது. நாட்டில் தானியப் பஞ்சம். ஆகையால் எந்த வீட்டிலும் முப்பது பேருக்கு மேல் விருந்து போடக் கூடாது. போட்டால் போட்டவனுக்கும் தண்டனை, பார்த்துக்கொண்டிருந்த குமாஸ்தாவுக்கும் தண்டனை. வந்ததும் வந்தது, ஊர்க்கவுண்டர் அப்பாசாமியின் தம்பி மகள் பாப்பாத்திக்குக் கல்யாணம் என்று ஊரே பந்தல்கால் வெட்டிக்கொண்டிருந்த நாளில் வந்தது.

தண்டோராப் போட்டு ஊரைக் கூட்டி நானே வாசித்தேன். எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள். வாசித்து முடித்ததும் அப்பாசாமி எழுந்து, "ஏனுங்க சாமி, முப்பது பேருன்னா ஆம்பளைங்க மட்டுங்களா, பொம்பளைங்களும் சேத்திங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சேர்த்துத்தான் என்றேன். "கொழந்தைங்க?" அவர்களும்தான் என்றேன். "அப்ப மிச்சம் இருக்கறவங்க என்னத்தத் திம்பாங்க?" என்றார். உத்தரவை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், அதற்குப் பதில் அதில் எழுதியிருக்கவில்லை. அப்பாசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க சர்க்காருகிட்ட ஒரு புடி அரிசி கேட்டமுங்களா? எங்க காட்டுல வெளஞ்ச சாமைய எங்க சனத்துக்கு ஆக்கிப் போடறதுக்கு, கீழ இருக்கற சர்க்காருக்கு என்னுங்க வயித்துவலி?" என்றார். மாமா, இது ராஜத் துரோகம் இல்லையா? யாராவது கேட்டுவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். நூறு பேர் கேட்டிருந்தார்கள், எல்லாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கத்திக் கல்யாண முறை நம் ஊர் முறை இல்லை. யாரையும் அழைப்பதில்லை, சுற்று ஊர்கள் சேர்ந்த இந்த வாழவந்தி நாடே வரும். வருகிறவர்கள் வீட்டுக்கு வீடு சாமை கொண்டுவந்து கொட்டுவார்கள், அதைத்தான் ஆக்கிப் போடுவார்கள். வந்தவன் கை நனைக்காமல் போனால் அவனுக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம். அவன் குறையைக் கேட்டுத் தீர்த்து, அவன் சாப்பிட்ட பிறகுதான் பெண்ணை அனுப்புவார்களாம். முப்பது பேர் தவிர மற்ற எல்லாரும் குறை சொன்னவர்கள் ஆகிவிட்டால், பாப்பாத்தி எப்போது புருஷன் வீடு போவது? அதை யோசித்தால் எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் தண்டனையை யோசித்ததும் பாவம் போய்விட்டது.

அன்று சாயங்காலமே அப்பாசாமி வந்து முடிவு சொன்னார். "பாப்பாத்தி எங்க ஊருப் புள்ளைங்க. இந்த ஊருல பன்னெண்டு ஊடு. பன்னெண்டு ஊட்டுக்கும் அவ புள்ளைதான். அதனால பன்னெண்டு ஊட்டுலயும் கல்யாணமுங்க. ஊட்டுக்கு முப்பது பேரு." அவ்வளவுதான். கல்யாணத்தன்று பன்னிரண்டு வாசலில் பன்னிரண்டு பந்தல், பன்னிரண்டு அடுப்பு. பெண்ணையும் மாப்பிள்ளையையும் வாசல் வாசலாக நடத்திக் கூட்டிப்போனார்கள். எண்ணுவதற்கு அப்பாசாமியின் சம்சாரம் அத்தாயி. அந்த அம்மாள் கூழாங்கல்லை மடியில் கட்டிக்கொண்டு, தலைக்கு ஒரு கல்லாகப் போட்டு, முப்பது ஆனதும் தன் கூடப்பிறந்த அண்ணனையே கையைப் பிடித்து அடுத்த வாசலுக்குத் தள்ளிவிட்டாள். சர்க்காரில் இப்படி ஓர் ஆள் இருந்தால் யுத்தம் ரெண்டு வருஷம் முந்தியே முடிந்திருக்கும்.

சட்டம் தப்பியது என்று நான் மூச்சு விட்ட பிறகுதான் என் தலைவிதி தெரிந்தது. எனக்கு இலை இல்லை. எந்த வாசலில் உட்கார்ந்தாலும் நான் முப்பத்தோராவது ஆள். சட்டத்தை மீறாதபடி பார்த்துக்கொள்ள வந்தவன் உட்கார்ந்தால் சட்டம் மீறிப்போகிறது. எனக்குப் பசியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். உடனே பந்தல் முழுக்க எல்லாரும் இலையில் இருந்து கையை எடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை ராசப்பன் எழுந்து வந்து கைகூப்பிக்கொண்டு, "எங்கிட்ட என்னுங்க கொறை கண்டீங்க?" என்று கேட்டான். அவன் இடுப்பில் கொடுவாள். இங்கே எல்லார் இடுப்பிலும் கொடுவாள் உண்டு, அது கல்யாணத்துக்காகக் கொண்டுவந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ரெண்டு எட்டு பின்னால் போனேன். குறை ஒன்றும் இல்லை, உன்னைப் போல் மாப்பிள்ளை ராசிபுரம் தாலூகாவிலேயே கிடையாது என்றேன். "அப்பறம் என்னுங்க, சாப்புடுங்க" என்றான். நான் அழாத குறை. அப்போது அப்பாசாமிதான் வழி கண்டுபிடித்தார். "சாமி குடியிருக்கற ஊட்டையும் சேத்துக்குவோம். அது பதிமூணாவது கல்யாண ஊடு. அங்க அடுப்புப் பத்த வையுங்க, அங்கயே கை நனைங்க, கொறை தீந்துபோச்சு" என்றார்.

ஆக, என் குடிசைக்கு முன்னாலும் ரெண்டு மாவிலை கட்டினார்கள். நானும் கல்யாண வீட்டுக்காரன் ஆனேன். மற்ற அடுப்புகளில் இருந்து சோறு கொண்டுவந்தால் கணக்குக் குழம்பும் என்று அத்தாயி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். என்னிடம் இருந்தது நம் ரேஷன் அரிசி. அதைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, தாங்களும் அதைத்தான் சாப்பிடுகிறீர்கள். கல்லைப் பொறுக்கினேன், வண்டை ஊதினேன், மிச்சத்தை உலையில் போட்டேன். எனக்கு அடுப்பு மூட்டத் தெரியாது என்பது ராமாயிக்குத் தெரியும். அடி தீய்ந்து, நடு குழைந்து, மேலே அரிசியாகவே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமா, எங்கள் சப்ளை ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். சொல்லாமல் கொள்ளாமல், விடிகாலையில் அடிவாரத்தில் கிளம்பி, சட்டையெல்லாம் வேர்வையாக, கையில் ஊன்றுகோலாக்கிக்கொண்ட குடையோடு வந்து நின்றார். மலையில் விருந்து நடக்கிறது என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பந்தலாகப் போய் எண்ணினார். முப்பது. அடுத்ததில் முப்பது. பன்னிரண்டு வாசலிலும் எண்ணிவிட்டு, பிடிக்க ஓர் ஆள்கூட அதிகமில்லை என்றதும் அவருக்குக் கோபம் போய்ப் பசி வந்துவிட்டது. "எனக்கு ஓர் இலை போடுங்கள்" என்றார். அப்பாசாமி கைகட்டி, "எல்லா ஊட்டுலயும் முப்பது ஆயிப்போச்சுங்க. பதிமூணாவது ஊட்டுலதான் எடமிருக்குது. குமாஸ்தா சாமி ஒருத்தருதான், பாக்கி இருவத்தொம்பது எடம் காலிங்க" என்றார்.

என் கையால் பரிமாறினேன். முதல் வாயிலேயே கடக் என்று ஒரு சத்தம். "இது எந்தக் கடை அரிசி?" என்றார். "நம்ம கடைதான் சார்." "இதையா ஜனங்களுக்குப் போடுகிறோம்?" மேலதிகாரி முன்னால் எனக்குப் பொய் வராது, அதுதான் என் பெரிய வியாதி. "முதல் தரம் என்று தாங்கள்தான் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். அந்த நேரம் பார்த்துக் காற்று பக்கத்துப் பந்தலில் இருந்து சாமைச் சோறும் மிளகு போட்ட கறிக் குழம்பும் கலந்து ஒரு மணத்தைக் கொண்டுவந்தது. இன்ஸ்பெக்டர் இலையை விட்டு எழுந்தார். நேரே அத்தாயியிடம் போய், "எனக்கு இடம் விடு" என்றார். "முப்பது ஆச்சுங்க, சட்டமுங்க" என்றாள். "நான் அதிகாரி!" என்றார். "அதிகாரிக்கும் வயிறு ஒண்ணு இருக்குதுங்களே, அதையும் எண்ணோணுமுங்க" என்றாள். அவர் கொஞ்ச நேரம் குழம்புச் சட்டியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சரி, நான் இன்றைக்கு இங்கே வரவே இல்லை என்று வைத்துக்கொள்" என்றார். அத்தாயி யோசித்துவிட்டு, "வராதவங்களை எண்ண மாட்டமுங்க, உக்காருங்க" என்று இலையைப் போட்டாள்.

உட்கார்ந்தார். சாப்பிட்டார். ஆபீசில் முட்டை என்ற வார்த்தையைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளும் மனுஷர், இது என்ன கறி என்று கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அவர் கையை நக்குவதைப் பார்த்துக் கல்யாணப் பெண் சிரித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தபோது அவர் உயிரோடு இன்னொரு தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்தார். அத்தாயி என் பக்கம் திரும்பி, "நீங்களும் வராதவங்கதானுங்களா சாமி?" என்று கேட்டாள். நான் பயத்தில், "டூட்டியில் வந்திருக்கிறேன் அம்மா" என்று சொல்லிவிட்டு, என் தீய்ந்த சட்டியிடமே திரும்பிப் போனேன்.

கை கழுவிவிட்டு இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்தார். முகத்துக்கு நேரே முகத்தை வைத்து, "அர்த்தனாரி, நீர் என்ன பார்த்தீர்?" என்று கேட்டார். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும், குழந்தைக்குக்கூடத் தெரியும். நான், "தாங்கள் நாலு தரம் சோறு வாங்கியதைப் பார்த்தேன் சார்" என்றேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை மாமா. மேலதிகாரி தப்புச் செய்வதைப் பார்த்த கீழதிகாரியை எந்தச் சர்க்காரும் விட்டு வைத்ததில்லை. பதின்மூன்றாவது அடுப்பு மூட்டி விருந்து நடத்தினேன் என்று என் மேலேயே கேஸ் எழுதுவார். ரேஷன் அரிசியைத் தீய்த்தேன் என்று இன்னொன்று எழுதுவார். இலை அசைந்தால் போலீசோ என்று இருக்கிறது. கரடியாக இருந்தால் தேவலை என்று இருக்கிறது. தாமதம் செய்யாமல் தந்தி கொடுங்கள். அத்தைக்கு என் நமஸ்காரம். ராமாயியிடம் நான் தைரியமாக இருப்பதாகச் சொல்லவும். சின்னக்கண்ணுவுக்கு ஆசீர்வாதம். தாங்களும் தங்கள் குலமும் பசியறியாமல் நூறாண்டு இருக்க இந்த மலையில் இருக்கும் அறப்பளீசுவரரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அடிபணிந்த மருமகன்,
அர்த்தனாரி

பின்குறிப்பு: தந்தி கொடுக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில், இன்ஸ்பெக்டர் கொடுத்தனுப்பிய சீட்டோடு ஓர் ஆள் வந்தான். பிரிக்கக் கை வராமல் அரைமணி நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். அதில் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன்: "வரும் வெள்ளிக்கிழமை மேலதிகாரிகள் நால்வருடன் ஸ்தல தணிக்கைக்கு வருகிறேன். நாங்கள் யாரும் வர மாட்டோம் என்பதை அந்த அம்மாளிடம் சொல்லி வைக்கவும். அன்று மலையில் கல்யாணம் உண்டா? இல்லையென்றால் உண்டாக்கவும்." அப்பாசாமியிடம் சொன்னேன். வாழவந்தி நாட்டில் இப்போது கல்யாணத்துக்கு நிற்கும் பிள்ளை யாரும் இல்லையாம். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கட்டிக்கிட்டும் எங்களுக்குச் சோறு போடாத ஆளு நீங்க ஒருத்தருதானுங்க சாமி. உங்களுக்கே இன்னொருக்காப் பண்ணிப்புடலாம். புள்ளை நாங்க பாக்கறமுங்களா?" என்றார். வேண்டாம், எனக்கு ராமாயிதான் என்று சொல்லிவிட்டேன். ஆகவே மாமா, வியாழக்கிழமைக்குள் ராமாயியைக் கல்யாணச் சேலையோடு மேலே கூட்டி வரவும். பெண் வீட்டுக்காரராகத் தாங்கள் ஒன்றும் கொண்டுவர வேண்டாம், ரேஷன் அரிசி கண்டிப்பாக வேண்டாம். கேஸ், ஜெயில் என்ற பயமெல்லாம் எனக்குப் போய்விட்டது. இப்போது இருப்பது ஒரே பயம்: போன தடவை தாங்கள் அவளிடம் கேட்காமல் கட்டி வைத்துவிட்டீர்கள். இந்தத் தடவை தாலி கட்டுவதற்கு முன்னால் பெண்ணுக்குச் சம்மதமா என்று அத்தாயி அவளையே கேட்பாளாம்.