பத்தும் நாற்பதும் ஐம்பது

நுண்ணோக்கி வாங்கியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். பாத்திரம் கழுவாமல் தப்பிப்பதற்கென்றே வாங்கியவர் நம்முடைய குமாஸ்தா ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரம் அவர் பங்கு. மற்ற ஆறு நாளும் மனைவி. அந்த ஒரு நாளையும் அவள் தலையில் கட்டிவிட்டால் மதியத் தூக்கம் முழுசாகக் கிடைக்கும். அதற்காகத்தான் பழைய சாமான் கடையிலிருந்து அந்தக் கருவி சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது. பூச்சாடியில் ஒரு வாரமாக ஊறிய தண்ணீரில் ஒரு துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்தார். பிறகு குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டார்.

"இங்க வாயேன். நான் கழுவின தட்டுல எடுத்த தண்ணி. குடும்பத்தையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுவேன் போலிருக்கு!"

மனைவி பதினோரு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மனுஷருக்கு அது நினைவிருந்தால்தானே! அவள் குனிந்து பார்த்தாள். உள்ளே ஒரே நீச்சல் போட்டி.

"எத்தனை மடங்கு பெருசாத் தெரியுது?"

"மேல பத்துன்னு போட்டிருக்கு. கீழ நாப்பது. ஆக அம்பது."

"கூட்டக் கூடாதுங்க. கீழ் லென்ஸ் நாப்பது மடங்கு பெருசாக்குது. அப்படிப் பெருசானதை மேல் லென்ஸ் இன்னும் பத்து மடங்கு ஆக்குது. பெருக்கணும்."

"காலையிலதானே பெருக்கினேன்?"

"கணக்கைச் சொன்னேன். நானூறு மடங்கு."

நானூறா! அவருக்கு வாயெல்லாம் பல். நினைத்ததைவிட எட்டு மடங்கு பயங்கரம் சும்மாவே கிடைத்துவிட்டது.

"பாத்தியா? இந்தக் கையை நம்பி இனிமே தட்டைக் கொடுக்கலாமா?"

"கூடாதுதான்," என்றாள். அவர் மனசு உடனே தலையணையைத் தட்டிப் போட்டது. "ஆனா ஒரு துளியை வெச்சு முடிவு கட்டலாமா? எட்டுத் தட்டையும் இன்னொரு தரம் கழுவுங்க. துளியை நானே எடுத்துப் பார்க்கறேன்."

உண்மையைச் சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் தூக்கம் போகும். முணுமுணுத்துக்கொண்டே எட்டையும் தேய்த்தார். அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு முகம் மலர்ந்தது. அவர் ஏக்கத்தோடு படுக்கையறைப் பக்கம் பார்த்தார்.

"ஒரு பூச்சி இல்லீங்க! நானூறு மடங்குல பார்த்தும் சுத்தம். இதோ, நேத்து நான் கழுவின டம்ளர். இதுலகூட ரெண்டு தூசி தெரியுது."

"அது ஏதோ குருட்டு அதிர்ஷ்டம்..."

"எட்டுத் தடவையுமா?" சிரிப்பை அடக்க முடியாமல் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு நுண்ணோக்கிக்கு முன்னால் சௌகரியமாக உட்கார்ந்தாள். "இப்படி ஒரு கையை வெச்சுக்கிட்டு வாரத்துக்கு ஒரு நாள்தான் கழுவறதா? இனிமே ஏழு நாளும் நீங்க கழுவுங்க, நான் பார்த்துச் சொல்றேன்."