சுகமளிக்கும் கூட்டத்தில் ஒரு பிரஷர் மெஷின்

கடலூர் முதுநகர்,
செவ்வாய்க்கிழமை

இன்னும் கர்த்தருக்குள் வந்து சேராவிட்டாலும் என் ஜெபத்தில் எந்நாளும் இருக்கிற மச்சான் பொன்னுரங்கம் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் கொளஞ்சியப்பன் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. சிதம்பரத்தில் நீங்களும், அக்காவும், பிரசவத்துக்கு வந்திருக்கிற மகள் இளவரசியும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். நான் நலமில்லை. வழக்கமாக இந்த இடத்தில் பூரண சுகம் என்று எழுதுவேன், இந்தத் தடவை பேனா நகர மாட்டேன் என்கிறது. போனில் சொன்னால், இளவரசிக்குத் துணையாக அங்கே வந்திருக்கிற உங்கள் தங்கை தங்கம்மாள் காதில் விழுந்துவிடும். அதனால்தான் உங்கள் மருந்துக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

என் சாட்சி உங்களுக்கு மனப்பாடம். பிரஷர் ஏறி துறைமுகத்து வாசலில் நான் மயங்கி விழுந்ததும், பழைய பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்ததும், அன்றைக்கே மாத்திரையையெல்லாம் உப்பனாற்றில் வீசிவிட்டு வந்ததும், இருபது வருஷமாக ஒரு தலைவலிகூட இல்லாமல் நடமாடுவதும் ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா நான் சொல்லி வருவது. அதைக் கேட்கவே புவனகிரியிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் உண்டு. போன வருஷம் உங்களையும் இழுத்து வந்து முன்னால் உட்கார வைத்தேன். மாத்திரையை ஆற்றில் வீசிய கட்டத்துக்கு நான் வந்தபோது நீங்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, தோள் குலுங்கினீர்கள். கர்த்தர் உங்கள் இருதயத்தைத் தொட்டுவிட்டார் என்று அன்றெல்லாம் நன்றி சொன்னேன்.

அப்படிப்பட்ட சபைக்கு இப்போது செம்பியன் என்று ஒரு புது பாஸ்டர் வந்திருக்கிறார், என் சைக்கிளைவிட வயது குறைவு. வந்ததும் முழு இரவு ஜெபத்தைப் பாதியாக்கினார், காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் தூங்க வேண்டுமாம். ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பினார், பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் படிக்கிறார்களாம். வேத பாடம் நடந்த ஹாலில் இப்போது குரூப் ஃபோர் பரீட்சைக்கு வகுப்பு நடக்கிறது. திருநீறு பூசின பையன்கள் நம் பெஞ்சில் உட்கார்ந்து, நம் ஃபேன் காற்றில் படிக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கைப்பிரதி கொடுக்கப் போனால் பாஸ்டரே தடுக்கிறார். சிப்காட்டில் வேலை முடிந்து குடித்துவிட்டு வருகிறவனைப் பார்த்தால் மனந்திரும்பு என்று நாங்கள் சத்தம் போடுவோம். இவர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்து, உட்கார வைத்து, அவன் சொல்வதைக் கேட்கிறார். பாஸ்டர் ஒருத்தர் பேசாமல் கேட்பதை என் ஆயுசில் நான் பார்த்ததில்லை மச்சான்.

இத்தனையும் பொறுத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சுகமளிக்கும் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். ஜெபித்துப் பூசுகிற எண்ணெய்ப் பாட்டிலோடு முதல் ஆளாகப் போனேன். பிரசங்க மேடைக்குக் கீழே மேசை போட்டு, பிரஷர் மெஷின் வைத்து, பரங்கிப்பேட்டையிலிருந்து சனா என்று ஒரு டாக்டரம்மா, முக்காட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இனிமேல் சுகமளிக்கும் கூட்டம் என்றால் இதுதானாம். சுகம் பெற்றவன் எப்படி இருப்பான் என்று அந்த அம்மாவும் பார்க்கட்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பாட்டுக்காரப் பிள்ளைகள் மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள்.

"மேல நூத்தித் தொண்ணூறு இருக்குங்க ஐயா. மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டது ஹால் முழுக்கக் கேட்டது. பழக்கதோஷத்தில் சபையார் எல்லாரும் அல்லேலூயா என்றார்கள்.

இன்னொரு கையில் பார்க்கச் சொன்னேன், அதில் இன்னும் ஜாஸ்தி. டாக்டரம்மா ஒரு மாத்திரையின் பெயரைச் சீட்டில் எழுதி என் கையில் கொடுத்தார். விசுவாசம் எங்கே போயிற்று என்று பாஸ்டரைக் கேட்டேன். "ஜெபமும் பண்ணுவோம், மாத்திரையும் போடுங்க ஐயா. ரெண்டுக்கும் சண்டை இல்ல" என்று அவர் என் தோளில் கை வைத்தார். அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. சர்க்கரை நோய் நீங்கியதாக எனக்குப் போட்டியாகச் சாட்சி சொல்லும் சகோதரி தில்லையம்மாள், தன் வேதாகமத்து ஜிப் உறையைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, இதையே போடலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். அடுத்த நிமிஷம் ஹாலெங்கும் ஜிப் திறக்கிற சத்தம். வேதாகமத்தில் வேதாகமம் மட்டும் வைத்திருந்தவன் நான் ஒருத்தன்தான்.

எனக்கு ஏறினதற்கு அந்த மெஷின்தான் காரணம், இல்லையென்றால் தங்கம்மாள் ஊரில் இல்லாதது. அவள் இருந்தால் காலைக் காபியோடு முட்டிக்கு நல்லது என்று ஒரு சத்து மாத்திரை தருவாள். அவள் கிளம்பிய நாளாக அதைக்கூட நான் தொடவில்லை. வருகிற ஞாயிறு ஆண்டு விழா, சாட்சிக்கு என் பேரை நோட்டீசில் அச்சடித்துவிட்டார்கள். எதைச் சொல்வேன்? இருபது வருஷமாக எதைச் சொல்லி நிமிர்ந்து நின்றேனோ அது இல்லையென்றால், இந்தச் சபையில் நான் யார்? பயமாக இருக்கிறது மச்சான். நீங்கள் விழாவுக்கு வர வேண்டாம். நானும் சபையை விட்டு விலகிவிடுகிறேன். தங்கம்மாளிடம் மூச்சு விடாதீர்கள்.

அக்காவுக்கு என் அன்பு. இளவரசிக்குச் சுகப்பிரசவம் ஆகட்டும். உங்கள் கடையும் வீடும் ஆசீர்வதிக்கப்படுவதாக.

இப்படிக்கு,
கலங்கிப்போன கொளஞ்சியப்பன்

பின்குறிப்பு: ஸ்டாம்ப் ஒட்டுவதற்குள் தங்கம்மாளே வந்து இறங்கிவிட்டாள். பாஸ்டர் போன் செய்தாராம். பையைக்கூடக் கீழே வைக்காமல் அந்தச் சத்து மாத்திரையை என் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன், டாக்டரம்மா சீட்டில் எழுதின அதே பெயர். "நீங்க ஆத்துல வீசிட்டு வந்த அன்னிக்கே நான் எங்க அண்ணன் கடைக்குப் போயிட்டேன். கர்த்தர்தான் சுகம் குடுத்தாரு. எந்த வழியா குடுத்தாருன்னு நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்றாள். கோபப்பட நினைத்தேன், அழுகைதான் வந்தது. இருபது வருஷம் ஒரு காலைகூட அவள் மறந்ததில்லை.

அதனால் மேலே எழுதியதையெல்லாம் தள்ளிவிடுங்கள். நான் சபையை விட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி தங்கம்மாள் சொல்கிறாள், பாஸ்டரிடம் பேசியாயிற்று. நீங்கள் அவசியம் வர வேண்டும், வரும்போது அடுத்த மாதத்து அட்டையையும் எடுத்து வாருங்கள். போன வருஷம் தோள் குலுங்கினது கர்த்தர் தொட்டதால் இல்லையாமே. இந்தத் தடவை துண்டு வேண்டாம், வாய் விட்டே சிரியுங்கள். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருப்பேன்.