பச்சைப் பூஞ்சையும் ஒரு சாக்குக் கசாயமும்

வீட்டில் படித்தவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் உளறினால் இன்னொருவர் தடுப்பார். எங்கள் வீட்டில் கல்லூரி வரை போனது நான் ஒருத்திதான். (தடுக்க ஆளில்லை.)

கீழ்வேளூர் பக்கம் எங்கள் வயல். என் பேச்சைக் கேட்டுத்தான் அப்பா ஒரு பகுதியில் நெல்லை விட்டு, கசப்பு மூலிகையான சிறியாநங்கையை நட்டார். மூலிகை வியாபாரியிடமும் பேசியாயிற்று. செடி நன்றாக வளர்ந்து வரும்போது அங்கங்கே வாடத் தொடங்கியது.

"வேரழுகலா இருக்கும்ப்பா. மண்ணுல பூஞ்சை இருக்கான்னு பாத்துடுறேன்" என்று மண்ணை அள்ளிக்கொண்டு கல்லூரி ஆய்வகத்துக்குப் போனேன். சத்துக்கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் மண்ணைக் கரைத்து விட்டால், ஒளிந்திருக்கும் பூஞ்சை வளர்ந்து முகம் காட்டும்.

காட்டியது. தட்டு முழுக்கப் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சை! பாடம் எடுக்கும் மேடத்திடம் கேட்டிருக்கலாம். கேட்டால் கண்டுபிடித்த பெருமையில் பாதி போய்விடுமே! படத்தை மட்டும் அவருக்கு அனுப்பிவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"பயங்கரமான பூஞ்சைப்பா. பிடுங்கிடுங்க. இல்லேன்னா எல்லாம் போயிடும்."

அப்பா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாப் பாத்தியா பாப்பா?"

"அப்பா, நான் படிச்சவ."

"அதான் புள்ள சொல்லுதுல்ல, எறங்குங்க" என்று அம்மா முந்தானையைச் செருகினாள்.

செடியில் பாதி காலியானபோது மேடம் போனில் வந்தார்.

"அது டிரைக்கோடெர்மாம்மா. நோய்ப் பூஞ்சையத் தின்னுற நல்ல பூஞ்சை. வயல்ல யாராவது போட்டாங்களா?"

போட்டார்கள். நடவுக்கு முன்னால் அந்தப் பாக்கெட்டை வாங்கிவந்து, எருவில் கலந்து போடச் சொல்லி அப்பாவை விரட்டியதே நான்தான்.

"அப்ப ஏன் மேடம் வாடுது?"

"தண்ணி நிக்குதா பாரு."

நின்றது. (வயலில் தண்ணீர் நின்றால் எங்கள் ஊர்க் கண்ணுக்குத் தெரியாது; நிற்காவிட்டால்தான் தெரியும்.) நெல்லுக்குக் கட்டுவது போலவே அப்பா கட்டியிருந்தார். செடிக்கு மூச்சு முட்டியிருக்கிறது.

"அப்பா, நிறுத்துங்க!" என்று வரப்பில் ஓடியவள் வழுக்கி, அந்தத் தண்ணீரிலேயே விழுந்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். "எந்திரி பாப்பா. வேரு அழுகிடப் போவுது."

வடிகால் வெட்டினோம், மிச்சம் பிழைத்தது. பிடுங்கிய இளஞ்செடியை வியாபாரி தொடவில்லை. அம்மா அதைக் காயவைத்துச் சாக்கில் கட்டினாள். அன்றிலிருந்து இருமினால் கசாயம், தும்மினால் கசாயம், விருந்தாளி வந்தாலும் கசாயம்.

இப்போதும் வீட்டில் எதையாவது நான் அடித்துச் சொன்னால், அப்பா அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுப்பார்:

"படிச்சவ சொல்லுறா. எதுக்கும் ஒரு டம்ளர் கொண்டா!"