இருபத்து நான்கு டிகிரிப் புகை

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், மருத்துவமனையின் இரண்டாம் மாடியில். அவள் என்னைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்னுட்டார். இங்க உக்காந்து என் மூக்கையே பாத்துட்டு இருக்கறதுக்கு, நகராட்சி ஆபீஸ்ல போய் ஜன்னல் முன்னாடி நில்லுங்க. அனுமதி இன்னிக்கு வந்துடும்னு சொல்லியிருக்காங்க."

"போன மாசமும் அப்படித்தான் சொன்னாங்க."

"போன மாசம் 'வரலாம்'னாங்க. இப்ப 'வந்துடும்'ங்கறாங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. சட்டைப் பொத்தான் மாறியிருக்கு பாருங்க."

பொத்தானைச் சரிசெய்துகொண்டு கிளம்பினேன்.

அனுமதி, மீனுக்குப் புகை போடுவதற்கு. அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்தவள். "தண்ணி கொஞ்சம் சூடா இருக்கு" என்று நான் சொன்னால், "எத்தனை டிகிரி?" என்று கேட்பாள். ஓய்வு பெற்ற வருடம் எங்கள் ஃப்ரிட்ஜ் செத்துப்போனது. பழைய சாமான்காரர் மூன்று மாடி ஏறி இறங்க முடியாது என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், எட்டாம் நாள் திருப்புளியை எடுத்தாள்.

உள்ளே இருந்த பிளாஸ்டிக்கை உரித்துத் தகரம் அடித்தாள். மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை. கீழ் ஓட்டையிலிருந்து எட்டடி நீளத்துக்கு இரும்புக் குழாய். குழாயின் மறுமுனையில் ஒரு பெயின்ட் டின். அதை மூன்று நாள் தேய்த்துக் கழுவினாள். டின்னில் நான் கொண்டுவந்து தரும் மரத்தூள். நான் தச்சன், எங்கள் வீட்டில் எது இல்லாவிட்டாலும் அது இருக்கும். தூள் எரியக் கூடாது, கனன்றுகொண்டு மட்டும் இருக்க வேண்டும். புகை குழாய் வழியாக வருவதற்குள் ஆறிவிடும். மீன் வேகாது, புகை மட்டும் ஏறும். பத்து மணி நேரம். பெட்டிக்குள் இருபத்து நான்கு டிகிரி. அவள் அதற்குக் குளிர் புகை என்று பெயர் சொன்னாள்.

முதல் தடவை உப்பு அதிகமாகிவிட்டது. வாயில் வைக்க முடியவில்லை. "அடுத்த தடவை பாருங்க" என்றாள்.

அந்த அடுத்த தடவைக்கு முன்னால்தான் அவள் வாழ்க்கையின் ஒரே தவறைச் செய்தாள். இதற்கு அனுமதி வேண்டுமா என்று நகராட்சிக்குப் போய் அவளாகவே கேட்டாள்.

அதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. கேட்டதும், வேண்டும் என்று தெரியவந்தது.

'புகை வெளியிடும் சாதனங்களுக்கான விண்ணப்பம்' என்ற படிவத்தில், வெப்பநிலை என்ற கட்டத்தில் '80 டிகிரி முதல்' என்று அச்சிட்டிருந்தார்கள். அவள் அதை அடித்துவிட்டு 24 என்று எழுதினாள்.

"புகைன்னா சூடா இருக்கும்மா" என்றார் எழுத்தர்.

"இது குளிர் புகைங்க."

"அப்ப இது எங்க பிரிவு இல்ல. எதிர்ல குளிர்சாதனப் பிரிவு."

எதிரில் இருந்தவர் மரியாதை தெரிந்தவர். எங்களை உட்காரச் சொன்னார்.

"பெட்டி ஓடுதாம்மா?"

"ஓடாது. செத்த ஃப்ரிட்ஜ்."

"ஓடாத பெட்டிக்குக் குளிர் எங்கிருந்து வந்துச்சு? முதல்ல ரிப்பேர் பண்ணிட்டு வாங்க."

"ரிப்பேர் பண்ணா அதுல மீன் புகையாதே."

"புகையறது நல்லதில்லைன்னுதானேம்மா ரிப்பேர் பண்ணச் சொல்றேன்."

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: "எண்பதுன்னு எழுதிக் குடுத்துடு. யாரு வந்து அளக்கப் போறாங்க?"

"நாப்பது பிள்ளைங்க முன்னாடி நின்னு, அளந்ததை மட்டும் எழுதுங்கன்னு சொன்னவ நான். இப்ப போய்ப் பொய் எழுதவா? நீங்க பலகையை அளக்காம அறுப்பீங்களா?"

சில சமயம் அறுத்திருக்கிறேன். அதை அப்போது சொல்லவில்லை.

24 என்றே எழுதிக் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டுப் புகை ஆய்வாளர் ஒருநாள் நேரில் வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக, உப்பை அளந்து போட்ட இரண்டாம் தடவை மீன் பெட்டிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் தம் அரசாங்க வெப்பமானியைப் பெட்டிக்குள் விட்டார். அதில் எண்களே அறுபதில்தான் தொடங்கின. முள் அசையவில்லை.

"புகை இல்லை" என்று எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து தாளில் விழுந்தது.

"புகை இல்லைன்னா உங்க கண்ணு ஏன் சார் எரியுது?"

"கண்ணு அங்கீகரிக்கப்பட்ட கருவி இல்லம்மா."

புகையே இல்லாத புகைச் சாதனம் சந்தேகத்துக்குரியது என்பதால், பெட்டியின் கதவில் சீல் காகிதம் ஒட்டினார். நான்கு மீனையும் ஆய்வு மாதிரி என்று எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணை விட்டுட்டுப் போங்க சார். நான் இன்னும் வாயிலயே வைக்கல."

"விண்ணப்பதாரர் மாதிரியைச் சாப்பிட்டா ஆய்வு பாதிக்கப்படும்மா."

பத்து நாளில் கடிதம் வந்தது. 'மாதிரி போதுமானதாக இல்லை.' ஒரு நாளைக்கு மட்டும் சீலைப் பிரித்தார்கள். அவள் புகை போட்டாள். மறுநாள் எட்டு மீனை எடுத்துக்கொண்டு சீலைத் திரும்ப ஒட்டினார்கள். அடுத்த மாதம் பன்னிரண்டு கேட்டார்கள். ஆய்வு மேலிடத்துக்குப் போயிருக்கிறதாம். ஆணையரே நேரடியாக ஆய்வு செய்தாராம், குடும்பத்துடன்.

பிறகு ஊரில் அது நாகரிகமாகிவிட்டது. காப்பிக் கடையில் கோப்பையைக் கண்ணாடிக் கூண்டால் மூடி, உள்ளே புகை விட்டு, காப்பி ஆறிய பிறகு திறந்து கொடுத்தார்கள். துணிக்கடையில் ஒரு சாம்பல் நிறத்துக்குக் 'குளிர் புகை' என்று பெயர் வைத்தார்கள். கீழ்வீட்டுக்காரர் விருந்தாளிகளிடம், "நம்ம மாடியிலதாங்க இது ஆரம்பிச்சது" என்று சொல்லிக்கொண்டார். இவர்கள் யாரும் அனுமதி வாங்கவில்லை. யாரும் போய்க் கேட்கவில்லை, அதனால் தேவைப்படவில்லை.

"ஒரு காகிதம்தானே? நான் கிழிச்சுடறேன். ஒரே ஒரு மீன் போட்டுச் சாப்பிடு" என்றேன்.

"அது திருட்டுப் புகை. எனக்கு வேண்டாம். நாம செஞ்சது சரின்னு அவங்க எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் உக்காந்து நிம்மதியா சாப்பிடறேன்."

எட்டு மாதம் காத்திருந்தாள். பிறகு நெஞ்சு வலி வந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஜன்னலுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. எழுத்தர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"நல்ல சேதிங்க. குளிர் புகைக்குன்னே தனிப் பிரிவு. உத்தரவு இப்ப பத்தரைக்குத்தான் வந்தது. அம்மாவோட விண்ணப்பம்தான் முதல் கோப்பு. அவங்க கையெழுத்து ஒண்ணு போதும்."

மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நர்ஸ்தான் எடுத்தாள். நான் மீன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்.

"என்ன, அம்மா எப்ப வர்றாங்க?" என்றார் எழுத்தர்.

"இறந்துட்டாங்க."

அவர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எப்ப?"

"பத்தே கால் மணிக்கு."

அவர் கண் உண்மையாகவே கலங்கியது. பிறகு மெதுவான குரலில், "உத்தரவுக்குக் கால் மணி நேரம் முந்தியாயிடுச்சே. பிரிவு பிறக்கறதுக்கு முன்னால காலமானவங்க விண்ணப்பத்தைப் பிரிவு ஏத்துக்க முடியாதுங்க" என்றார்.

புதிய பிரிவுக்குப் பதினோரு பேரை நியமித்தார்கள். அனுபவமுள்ள ஒருவர் ஆலோசகராக இருக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்தது. ஊரில் குளிர் புகையை முதல் நாளிலிருந்தே பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். ஆணையரே வீட்டுக்கு வந்து கேட்டார். வீட்டில் பேச ஆளில்லை, ஒப்புக்கொண்டேன். நாற்காலியும் மின்விசிறியும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு ஜன்னல் உண்டு.

முதல் வாரத்தில் ஒரு பெண் வந்தார். வீட்டில் தகரப் பீரோ ஒன்றில் பாலாடைக்கட்டிக்குப் புகை போடுகிறாராம். படிவத்தைக் கொடுத்தார். வெப்பநிலைக் கட்டத்தில் 24 என்று எழுதி, அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 23 என்று எழுதியிருந்தார்.

"ஏன் திருத்தியிருக்கீங்க?"

"திரும்ப அளந்து பாத்தேன் சார். இருபத்து மூணுதான் வந்தது."

"படிவத்துல அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதும்மா. புதுசா எழுதிட்டு வாங்க" என்றேன்.

சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு அனுமதிகளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அவளுடைய பெட்டி மாடியில் இருக்கிறது. அதற்கு அனுமதி இல்லை.