வேனுக்கு எத்தனை மார்க்?

சக்கர நாற்காலி உள்ளே போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதமாக இருந்தது.

கணக்கு வாத்தியார் அதை நேராக நுழைத்தார், சாய்த்து நுழைத்தார், கடைசியில் தலைகீழாகவும் நுழைத்துப் பார்த்தார். வண்டியின் பின்கதவு மூடவில்லை. வேனுக்கு ஏழு சீட்டு போட்டு, குடும்பக் கார் என்று குறைந்த விலைக்கு விற்கிறார்கள். ஷோரூம் வாசலில், பஸ் ஸ்டாப்பை ஒட்டி அது நின்றுகொண்டிருந்தது. சாவியைக் கொடுத்த பெண், "சீட்டெல்லாம் மடக்கிப் பாருங்க சார். எங்க ஆள் ஒருத்தர் வந்து ஏறுவாரு. அவரோட ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருந்தாள்.

"கடைசி சீட்டை மடக்குங்க மாப்பிள்ளை" என்றார், நடு சீட்டில் ஏற்கெனவே ஏறி உட்கார்ந்துவிட்ட மாமனார்.

மடக்கினார். நாற்காலி சமர்த்தாக உள்ளே போனது.

"அப்ப வர்ற ஆளு எங்க உக்காருவாரு? உங்க தலையிலயா?" என்றாள் முன் சீட்டில் இருந்த மனைவி.

நியாயமான கேள்விதான். மாமனாருக்குப் பக்கத்தில் இரட்டைப் பெண்கள் இருவரும் அடைத்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் பெருமூச்சு விட்டார். இது ஐந்தாவது வண்டி. அவர் வீட்டில் எதை வாங்கினாலும் எல்லோரும் பத்துக்கு மார்க் போடவேண்டும். ஒருவர் ஐந்துக்குக் கீழே போட்டாலும் பெயில். சட்டம் போட்ட புண்ணியவான் வேறு யாருமில்லை, அவரேதான். அந்தச் சட்டத்தால் நாலு கார் பெயிலாகி, இடுப்பு ஒடிந்த மாமனார் ஏழு மாதமாக ஜன்னல் வழியாகவே ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.  இன்று எப்படியாவது பாஸாக்கிவிட வேண்டும்.

"எனக்கு மூணுதான் போடத் தோணுது" என்றாள் மனைவி. "அசல் ஷேர் வேன் மாதிரியே இருக்கு. ரோட்டுல போனா நாலு பேர் கை காட்டுவாங்க."

"ஒருத்தன், ஒரே ஒருத்தன் இதை வாடகை வண்டின்னு நெனைக்கட்டும். அப்புறம் இந்த ஜென்மத்துல கார்ப் பேச்சே எடுக்கமாட்டேன்."

"வாக்குத் தவறக்கூடாது."

"நான் என்னைக்குத் தவறியிருக்கேன்?"

வீராப்பாகப் பேசிவிட்டுக் கடைசி சீட்டை நிமிர்த்தினார். நாற்காலி மறுபடி வெளியே வந்தது. அதை நடு சீட்டுக்கு முன்னால் திணித்தார். இப்போது பக்கத்துக் கதவு மூடவில்லை. பெண்களைக் கடைசி சீட்டுக்கு விரட்டி, நாற்காலியை அவர்கள் காலடியில் வைத்தார்.

"கால் நசுங்குதுப்பா!" என்று ஒரே குரலில் இரண்டு அலறல்.

நாற்காலியை மறுபடி வெளியே எடுத்தார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. எதை மடக்கினோம், எதை நிமிர்த்தினோம் என்பதே அவருக்கு மறந்துபோனது.

அந்த நேரத்தில்தான் கழுத்தில் அடையாள அட்டையும் கையில் தோல் பையுமாக ஒருவர் ஏறி, மாமனார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிளம்பலாங்களா?"

"இதோ சார். இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?" வாத்தியார் நாற்காலியை மடக்கி அவர் மடியில் வைத்தார். அவர் திருதிருவென்று விழித்தபடி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். பக்கத்துக் கதவு அழகாக மூடிக்கொண்டது.

வண்டி கிளம்பியது. நாற்காலிக்கு மேலே அவர் கண்கள் மட்டும் தெரிந்தன.

"ஆஸ்பத்திரி வழியாத்தானே போகும்?"

"உங்க இஷ்டம் சார். நீங்க சொல்ற வழி."

"நான் சொல்ற வழியா?" அவர் குழம்பினார்.

"மைலேஜ் எவ்வளவு கொடுக்குது சார்?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்கதான் சொல்லணும்."

இப்போது வாத்தியார் குழம்பினார். விற்க வந்தவர் வாங்க வந்தவரிடம் கேட்கிறாரே! வாயைத் திறந்தால் புளுகும் விற்பனையாளர்களுக்கு நடுவில் இப்படியும் ஒரு மனுஷனா? சட்டைப்பையில் போன் அடித்தது. வண்டி ஓட்டும்போது அதைத் தொடாதவர் அவர். அது நின்று நின்று நாலைந்து முறை அடித்தது.

"குலுக்கலே தெரியல மாப்பிள்ளை. ஆறு மார்க்" என்றார் மாமனார்.

"பத்து! பத்து!" என்றது கடைசி சீட்டு.

மனைவியின் மார்க் மட்டும் பாக்கி. வாத்தியார் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். கடைசி அஸ்திரமாக, "சார், மனசுல இருக்கறதைச் சொல்லுங்க. நீங்களா இருந்தா எத்தனை போடுவீங்க?" என்று பின்னால் கேட்டார்.

"மார்க்கா? எனக்கு ஒண்ணும் புரியலீங்க. ஆனா தினமும் இதே மாதிரி வண்டியிலதான் வேலைக்குப் போறேன். முதுகு வலின்னு வந்ததே இல்ல. பாதி நாள் தூங்கிடுவேன். எட்டு போடலாம். இன்னைக்கு மடியில நாற்காலி இருக்கறதால ஏழு."

மனைவி திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குறையையும் சேர்த்துச் சொல்கிற மனுஷன். அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"தினமும் போறவரே சொல்றாரு. சரி, அஞ்சு. அதுக்கு மேல கால் மார்க் கிடையாது."

பாஸ்! வாத்தியாருக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்ததால் ஹாரனை மட்டும் அடித்தார்.

"அப்ப ஞாயித்துக்கிழமை கடலைப் பார்க்கப் போலாமா மாப்பிள்ளை?" என்றார் மாமனார்.

"கண்டிப்பா மாமா! தண்ணி பக்கத்துலயே கொண்டுபோய் நிறுத்தறேன்."

ஆஸ்பத்திரி வாசல் வந்தது. தோல் பைக்காரர் நாற்காலியை மெதுவாக மாமனார் மடிக்கு மாற்றிவிட்டு, முன்னால் குனிந்து வாத்தியாரின் தோளைத் தட்டினார்.

"இங்கயே நிறுத்துங்க டிரைவர். வண்டி சொகுசுதான், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா நாளைக்காவது குடும்பத்தை வீட்டுல விட்டுட்டு வாங்க, ஸ்டாப்புல எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க!"